ஜீரோ பார்த்துக்கோங்க

கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திரா.
அந்தப் பக்கம் விலை இன்னும் கொஞ்சம் கூட,
அதனால் சித்தூர் வண்டிகள் இங்கே வந்து
வயிறு நிரப்பிக்கொண்டு திரும்பும்.
"மீ தமிழ்நாடே நயம்" என்பார்கள்.
நயம்தான்.
மூழ்கியவனுக்குக்
கழுத்தளவில் நிற்பவன் நயம்.

எனக்கு ராத்திரி ஷிப்ட்.
காலை ஆறு மணிக்கு விலை மாறும்.
யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டால்
"அதுவா மாறும், மேலேர்ந்து" என்று
மேனேஜர் ஏகாம்பரம்
கையைத் தூக்கி வானத்தைக் காட்டுவார்.
"உலகச் சந்தையில ஏறினா இங்கயும் ஏறணும் இல்ல?"
இறங்கினால்?
"இறங்கினா பழைய நஷ்டத்தை ஈடுகட்டணும் இல்ல?"

ஒரு நாளைக்கு முந்நூறு முறை சொல்கிறேன்,
ஜீரோ பார்த்துக்கோங்க.
பகல் தூக்கத்திலும் சொல்கிறேனாம்.
"பார்த்தாச்சு, படு" என்கிறாள் ஜெகதா.

ஷேர் ஆட்டோ நூருல்லா
மூன்று வருடமாய் இருநூறுக்குத்தான் போடுகிறார்.
நோட்டு அதே நோட்டு.
உள்ளே விழுவதுதான் மெலிந்துகொண்டே வருகிறது.
காட்பாடி ஸ்டேஷனிலிருந்து சி.எம்.சி.க்கு
பத்து ரூபாய் கூட்டிக் கேட்க வாய் வரவில்லை என்றார்,
ராத்திரி முழுக்க ரயிலில் வந்து
ஸ்கேன் கவரை மடியில் வைத்திருக்கும்
வங்காளத்துக்காரர்களிடம்.
மறுநாள்
கேட்டுவிட்டேன் என்றார்.
மூடியைத் திருகியபடி,
என் முகத்தைப் பார்க்காமல்.

போன வாரம் போண்டா சுற்றி வந்த பேப்பரில்
கம்பெனி லாபம் போட்டிருந்தது.
மூன்றே மாதத்துக்கு.
கோடி என்ற சொல்லுக்கு முன்னால்
ஐந்து இலக்கம்.
கடைசி இலக்கத்தில் எண்ணெய் ஊறிவிட்டது.
ட்யூப் லைட்டில் பிடித்துப் பார்த்தேன்,
ஆறா எட்டா தெரியவில்லை.
ஆறாக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான், எட்டாக இருந்தாலும் ஒன்றுதான்.
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்
எங்கள் தெருவின் மொத்தக் கடனும்
சங்கத்துக் கடனும் நகைக்கடனும் தண்டல்காரன் கடனும்
அந்த ஒரு எண்ணெய்க் கறைக்குள்
காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

எங்களுக்கும் வந்தது,
ஆளுக்கொரு புதுத் தொப்பி.
சம்பளத்தில் பிடிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும்.
போர்டு எழுதியவன் பெட்ரோல் 'பங்கு' என்றே எழுதியிருக்கிறான்.
யார் பங்கு என்று எழுதவில்லை.

நேற்று ஐந்து ஐம்பத்தைந்துக்கு வரிசை.
எண்பது பைசா ஏறப்போகிறதென்று
யாருக்கோ மெசேஜ் வந்திருந்தது.
பொன்னை பால்வண்டி துளசிங்கம்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.
கடைசியில் ஒரு பையன்,
சேர்க்காட்டில் படிக்கிறவன்,
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்,
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"நாப்பதுக்கு அண்ணே."
நாசிலைத் தூக்கினேன்.
மெஷின் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தது.
புது விலை.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
நான் சொல்லுமுன்
"ஜீரோ பார்த்துட்டேன்" என்றான்.
நாற்பது ரூபாய் உள்ளே போக
எவ்வளவு நேரம் ஆகும்,
ஒரு கொட்டாவி நேரம்.
"கொஞ்சம் உதறுங்க அண்ணே."
உதறினேன்.
மூன்று சொட்டு டேங்கில் விழுந்தது.
நாலாவது தரையில்.
குனிந்து பார்ப்பதற்குள் காய்ந்துவிட்டது,
வேலூர் வெயில்
ஆறு மணிக்கே வேலைக்கு வந்துவிடுகிறது.

ஷிப்ட் முடிந்து என் டி.வி.எஸ்.ஸை எடுத்தேன்.
ரிசர்வ்.
இரவெல்லாம் பெட்ரோலில் நனைந்த கையால்தான்
சாவியைத் திருப்புகிறேன், சிரிக்காதீர்கள்.
கூட்ரோடு தாண்டியதும் ஒரு இறக்கம் உண்டு,
அங்கே எஞ்சினை அணைத்துவிடுவேன்.
காற்று மட்டும் கேட்கும்.
அந்த அரை கிலோமீட்டரில்
ஒருவருக்கும் லாபமில்லை,
ஏற்றம் வரும்வரை.